பேனா மேடம்

அந்தப் பேனாவில் மை கிடையாது. பதினெட்டு வருஷமாக, வாரத்தில் ஐந்து நாள், காலை ஒன்பது மணிக்குச் சந்தை திறக்கிற நேரத்தில் டிவியில் அவள் விரல்களுக்கிடையே உருண்டுகொண்டிருந்த அந்தக் கறுப்புப் பேனாவைப் பார்த்துத்தான் எத்தனையோ பேர் பங்கு வாங்கினார்கள், விற்றார்கள், வீடு கட்டினார்கள், சிலர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். அதற்குள் ரீஃபில்கூட இல்லை என்பது அவளுக்கும் மேக்கப் போடுகிறவளுக்கும் மட்டும்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் நேரலையில் பேனா கசிந்து, வெள்ளைக் கோட்டின் கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பரவியது. அன்றைக்கே ரீஃபிலைப் பிடுங்கி எறிந்தாள். பேனாவை மட்டும் விடவில்லை. விட்டால் கை நடுங்குவது தெரிந்துவிடும்.

நடுக்கம் ஆறே மாதத்தில் போய்விட்டது. பேனா தங்கிவிட்டது. கம்பெனி முதலாளிகள் எதிரே உட்கார்ந்து அளக்கும்போது பேனா உருண்டுகொண்டே இருக்கும். எவனாவது ஒருவன் நிஜத்தைப் பேசுகிறான் என்று பட்டால், அவளையறியாமல் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கேட்பாள். மூன்றாவது வருஷம் யாரோ வேலை வெட்டியில்லாத நேயர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டார். 'மேடம் பேனாவைக் கீழே வைத்த கம்பெனி எல்லாம் ஏறுகிறது.' அதோடு அவள் சொந்தப் பேர் போயிற்று. எல்லோருக்கும் அவள் பேனா மேடம்.

ஊருக்குத் தெரிந்த பிறகு ஒரு பழக்கம் தானாக நடக்குமா? நடக்காது. ஆகவே தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். மனசார நம்பினால் மட்டும் வைப்பது. பதினெட்டு வருஷத்தில் பதினாலே தடவைதான் வைத்திருக்கிறாள். இன்னதை வாங்குங்கள் என்று வாயால் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை, சொன்னால் வேலையும் போகும், கேஸும் வரும். பேனாவை வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவளுடைய நேர்மை முழுக்க அந்த மையில்லாத பேனாவில்தான் இருந்தது. கொஞ்சம் சின்ன இடம்தான். ஆனால் அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

இன்னொரு பழக்கமும் உண்டு. புதிதாகச் செய்தி வாசிக்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்று நினைக்காதே, கேமராவுக்குப் பின்னால் உனக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆளை உட்கார வைத்து அவரிடம் பேசு. அவள் தன் அண்ணனை உட்கார வைத்தாள். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது அண்ணன்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. 'மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க' என்று முப்பத்தைந்து வருஷம் சொன்ன மனுஷன். முதல் மாதம் அவள் திக்கினபோதெல்லாம் கேமராவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல்தான் மூச்சை இழுக்கச் சொன்னது.

அண்ணன் நிஜமாகவே ஒரு நாள் விடாமல் பார்த்தார். லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருப்பு. அண்ணிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவாள். ஓய்வு பெற்ற பணம் கைக்கு வந்ததும் இரண்டு முட்டியையும் மாற்றிவிடுவது என்று பேச்சு. பணம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கேதான் சாப்பிட்டாள்.

"ஒரு முட்டிக்குச் சரியா வருது பாப்பா. ரெண்டுக்கும் வரல" என்றார் அண்ணன்.

"மீதிய நான் தரேன்னு எத்தன தடவ சொல்றது?"

"பொண்டாட்டி முட்டிக்குத் தங்கச்சிகிட்ட கை நீட்டற அளவுக்கு நான் இன்னும் வரல. அடுத்த தடவ நீ பேனாவ கீழ வெச்சா, மொத்தத்தையும் எறக்கிடப் போறேன்."

"லூசா உனக்கு?"

"நீ வாயால ஒண்ணும் சொல்ல வேணாம்மா. சட்டம், தெரியும். பேனாவ வை, அது போதும்."

அண்ணி சமையலறையிலிருந்து, "ஏங்க, என் முட்டிய வெச்சு சூதாடாதீங்க" என்று குரல் கொடுத்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் கண்டித்துத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது. உலகமே நம்புவது வேறு, அண்ணன் நம்புவது வேறு.

பத்து நாள் கழித்துத்தான் அது வந்தது.

காலை எட்டு மணிக்கு எல்லோரும் கைபேசியை ஒரு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். உள்ளே தெரிகிற சேதி எதுவும் சந்தை திறக்குமுன் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகச் சேனலில் போட்ட விதி. வைத்தாயிற்று. எட்டரைக்கு மேக்கப் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது தயாரிப்பாளர் வந்து நின்றார். நிகழ்ச்சி முழுக்க அவள் காதுக் கருவிக்குள் பேசிக்கொண்டே இருப்பவர். அவள் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பேர் 'காது'.

"மேடம், இன்னிக்கு பேட்டரி கம்பெனிக்காரர் வராரு."

"தெரியும். கேள்வியெல்லாம் ரெடி."

"கேள்வி இருக்கட்டும். ஒரு வருஷத்து விளம்பரம் மொத்தமா குடுத்திருக்காரு. பேனா கீழ எறங்கணும்னு மேல சொல்றாங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். ஒரு கண்ணில்தான் பொய் இமை ஒட்டியிருந்தது. "என்ன பொம்மைன்னு நெனச்சீங்களா?"

"பொம்மைக்கு ஒப்பந்தம் கெடையாது மேடம். உங்களுக்கு இருக்கு. அடுத்த மாசக் கடைசி வரைக்கும்." காது குரலை உயர்த்தவே இல்லை. அவருக்கு யாரிடமும் குரலை உயர்த்த வேண்டிய அவசியம் இருந்ததில்லை. "மத்தியான நியூஸ் படிக்கிற புதுப் பொண்ணு நேத்து மேல போய்ப் பேசிட்டு வந்தா. கையில ஒரு பேனாவோட போனா. பாத்துக்குங்க."

அவர் போய்விட்டார். அவளுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஒன்று நடந்து, விடியற்காலை வேலையோடு ஒத்துப்போகாமல் எப்போதோ முடிந்திருந்தது. இந்த நாற்காலியை விட்டால் அவளுக்கு வேறு பேர்கூடக் கிடையாது.

அப்போதுதான் அண்ணன் நினைவு வந்தது. மொத்தத்தையும் எறக்கிடப் போறேன். கைபேசி அலமாரிக்குள். ஆனால் வரவேற்பு மேஜையில் ஒரு ஃபோன் இருக்கிறது. அண்ணன் நம்பர் அவளுக்கு மனப்பாடம். இன்னும் பதினேழு நிமிஷம் இருந்தது. இரண்டு நிமிஷம் போதும்: 'அண்ணா, இன்னிக்கு டிவி பாக்காதே.' அவ்வளவுதான். பங்கு என்ற வார்த்தையே வர வேண்டியதில்லை.

எழுந்தாள்.

"ஐயோ மேடம், பசை காயல. எந்திரிச்சீங்கன்னா இமை கன்னத்துக்கு வந்துரும்" என்றாள் மேக்கப்காரி. "ரெண்டே நிமிஷம் உக்காருங்க. அப்புறம் எங்க வேணா ஓடுங்க."

உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷத்தில் இமை காய்ந்தது. அதற்குப் பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. சந்தை திறக்குமுன் குடும்பத்துக்கு ஃபோன் செய்வது விதிப்படி குற்றமாயிற்றே என்று தனக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் சட்டம் அவளுக்கு அன்றைக்குப் போல் என்றைக்கும் ஒத்தாசையாக இருந்ததில்லை. அண்ணன் சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பார் என்றும் நினைத்துக்கொண்டாள். அண்ணன் வாழ்க்கையில் எதையும் பேச்சுக்காகச் சொன்னவரில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

பேட்டரிக்காரர் சிரித்த முகம். பல்லெல்லாம் ஒரே அளவு. புதுத் தொழிற்சாலை, புது ஆர்டர், இரண்டு வருஷத்தில் மூன்று மடங்கு என்று காதில் பூச்சுற்றிக்கொண்டே போனார். அவள் ஒரே ஒரு கேள்வி நிஜமாகக் கேட்டாள்.

"உங்கள் சொந்தப் பங்குகளில் பாதிக்கு மேல் அடமானத்தில் இருக்கிறதே, ஏன்?"

"என் தொழில்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது மேடம். நம்பிக்கை இருக்கிறவன்தானே அடமானம் வைப்பான்?"

இது பதிலே அல்ல என்று அவளுக்குத் தெரியும். காதுக்குள், "இப்ப" என்றது. கேமராவைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் அண்ணன் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே பேனாவை மேஜைமேல் வைத்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள்.

"பிரமாதம்" என்றது காது.

நிகழ்ச்சி முடிந்து அலமாரியைத் திறந்தபோது கைபேசியில் ஒரு படம் வந்திருந்தது. அண்ணன் வீட்டு டிவி. திரையில் அவள், மேஜைமேல் பேனா. கீழே எழுதியிருந்தார்: 'எறங்கிட்டேன் பாப்பா. உங்க அண்ணிக்கு ரெண்டு முட்டியும் புதுசு.'

அன்றைக்குச் சாயங்காலம் வரை விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது. 'வித்துடு' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் லாபத்தோடு வெளியே வந்திருப்பார். எழுதினாள், அழித்தாள். எழுதினால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால், பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கைபேசியைப் பைக்குள் போட்டாள். மறுநாளும் ஏறியது. ஏறுகிற வரைக்கும் அது பொய்யே இல்லை என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. மனுஷ மனசுக்கு இதில் இருக்கிற சாமர்த்தியம் வேறெதிலும் கிடையாது.

பத்தொன்பதாம் நாள் அந்தக் கம்பெனியின் தணிக்கையாளர் ராஜினாமா செய்தார். கணக்கில் காட்டிய தொழிற்சாலையில் பாதி, சுற்றுச்சுவரோடு நின்றுபோயிருந்தது. மறுநாள் சந்தை திறந்த முதல் நிமிஷத்திலேயே அந்தப் பங்கு ஒரு நாளில் எவ்வளவு விழலாமோ அவ்வளவும் விழுந்து நின்றது. அடுத்த நாளும் அப்படியே. விற்கத் துடிக்கிறவர்கள் லட்சம் பேர், வாங்க ஒரு ஆள் இல்லை. எட்டாம் நாள் வர்த்தகத்தையே நிறுத்திவிட்டார்கள்.

அண்ணனிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு ஃபோன் இல்லை, ஒரு வரி இல்லை. அவளும் செய்யவில்லை. அவர் திட்டினால் பேசலாம் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

ஊர் திட்டியது. சேனல் வாசலில் யாரோ ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பேனாக்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். பழைய ஒப்பந்தம் முடிய மூன்று நாள் இருக்கும்போது சேனல் தலைவர் கூப்பிட்டனுப்பினார். புது ஒப்பந்தம் அவர் மேஜையில் இருந்தது. கையெழுத்துப் போடும் இடம் காலி.

"ஜனங்க உங்க மேலதான் கோவமா இருக்காங்க" என்றார் அவர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. "அதனால நீங்களே ஒரு நிகழ்ச்சி எடுங்க. பணத்த விட்டவங்க நேரலையில ஃபோன் பண்ணட்டும். நீங்க பதில் சொல்லுங்க. ஒரு மணி நேரம். நாடே பாக்கும்."

"என்ன பதில் சொல்றது சார்?"

"எதையாவது சொல்லுங்க. மன்னிப்பு மட்டும் கேக்காதீங்க, வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டாரு. மன்னிப்பு கேட்டா தப்பு பண்ணினதா ஆயிரும். இது முடியட்டும், இதுல கையெழுத்துப் போட்டுக்கலாம்." ஒப்பந்தத்தை ஒரு விரலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்றைக்குக் கையில் பேனா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டாள். முதலில் ஒரு தையல்காரர் அழுதார். அடுத்து ஒரு டிரைவர், ஒளிபரப்ப முடியாத வார்த்தைகளில் பேசினார். மூன்றாவதாக ஒரு பெண் ஒன்றுமே பேசாமல் மூச்சுவிட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டாள். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் காது, "சூப்பர், அடுத்தது" என்றது. அவள் எதிரே இருந்த சின்னத் திரையில், பேசப்போகிறவரின் தொழிலை மட்டும் போடுவார்கள். நான்காவது ஆளுக்கு, 'ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்' என்று வந்தது.

ஊரில் எத்தனையோ எக்ஸ்ரேக்காரர்கள். ஆனால் பேசுமுன் தொண்டையைச் செருமுகிற அந்தச் செருமல் ஒருவருக்குத்தான் உண்டு.

"வணக்கம் மேடம்" என்றார் அண்ணன்.

"வணக்கம் சொல்லுங்க" என்றது காது.

"வணக்கம் சார்" என்றாள்.

"நான் யாரு என்னன்னு சொல்லல மேடம். அது யாருக்கும் வேணாம்." அவளுக்குப் புரிந்தது. சொந்த அண்ணன் அதே பங்கை வாங்கியது வெளியே தெரிந்தால் அவள் ஜெயிலுக்குக்கூடப் போகலாம். பணம் மொத்தமும் போன மனுஷன், அந்த நிலையிலும் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். "பணம் போச்சு. அத விடுங்க, போனது போனதுதான். எனக்கு ஒரே ஒரு கேள்வி. அன்னிக்குப் பேனாவ கீழ வெச்சீங்களே, நம்பித்தான் வெச்சீங்களா, சும்மா வெச்சீங்களா?"

மேஜைக்கடியில் அவள் விரல்கள் இல்லாத பேனாவை உருட்டின.

"நம்பி ஏமாந்தீங்கன்னா, நானும் ஏமாந்தேன், ரெண்டு பேரும் ஒண்ணு. சும்மா வெச்சீங்கன்னாலும் சொல்லுங்க, தாங்கிக்குவேன். ஏதோ ஒண்ணு சொல்லிடுங்க மேடம். எனக்குத் தூக்கம் வரல."

"நம்பினேன்னு சொல்லாதீங்க, வெச்சேன்னும் சொல்லாதீங்க" என்றது காது. "எதுக்கும் மாட்டிக்காதீங்க. வாசகத்தப் படிங்க. வாசகம்."

கேமராவுக்குப் பின்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மூச்சை இழுங்க, பிடிங்க என்றார். அவள் மூச்சை இழுத்தாள், பிடித்தாள். ஒரு வார்த்தை. 'சும்மா' என்று சொன்னால் நாற்காலி போய்விடும், அண்ணன் மிஞ்சுவார். அது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் அவளுக்காக வக்காலத்து வாங்க வேண்டாம்.

"உங்கள் கேள்விக்கு நன்றி சார்" என்றாள் கேமராவைப் பார்த்து. "பங்குச் சந்தை முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை. முதலீடு செய்வதற்கு முன், உங்கள் நிதி ஆலோசகரைக் கலந்து முடிவெடுங்கள்."



"சரிங்க மேடம்" என்றார் அண்ணன். வைத்துவிட்டார்.

"தங்கம் மேடம் நீங்க" என்றது காது. "அடுத்தது."

இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்தானது. சம்பளம்கூடக் கொஞ்சம் ஏற்றினார்கள். அத்தனை பேர் பார்த்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கைப்பையில் ஒரு காசோலையோடு மூன்று மாடி ஏறினாள். இரண்டு முட்டிக்கும் ஆகிற தொகையை விசாரித்து எழுதியிருந்தாள். கதவைத் திறந்தது அண்ணன்தான். முகம் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது. அவள் எதிர்பார்த்தது வேறு. தாடியோடும் கலைந்த தலையோடும் இருப்பார், காலில் விழலாம், அழலாம் என்றெல்லாம் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வாங்க மேடம்" என்றார். "உக்காருங்க."

"அண்ணா..."

"சார்னு கூப்பிட்டீங்களே, அதுவே மரியாதையா இருந்துச்சு."

நாற்காலியை அவளுக்காகத் துணியால் துடைத்துப் போட்டார். வெளியாளுக்குச் செய்வதுபோல, அத்தனை ஒழுங்காக. அதில் கேலியோ கோபமோ ஒரு துளி இல்லை. கன்னத்தில் அறைந்திருந்தால் அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"அன்னிக்கு நான் நம்பல அண்ணா. சும்மாதான் வெச்சேன். ஒப்பந்தத்துக்காக வெச்சேன். போதுமா? சொல்லிட்டேன்."

"இப்ப யாரு கேட்டா மேடம்?" என்றார் அவர். நிஜமாகவே தெரியாதவர்போலக் கேட்டார்.

அவள் காசோலையை எடுத்து நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அது அந்தரத்தில் நின்றது. சமையலறை வாசலிலிருந்து அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வந்தாள். வந்து காசோலையை வாங்கினாள்.

"இவருக்கு ரோஷம் இருக்கு. எனக்கு முட்டி இருக்கு" என்றாள். தொகையைப் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது கடன் இல்ல, தானமும் இல்ல. எங்ககிட்ட இருந்து போனது வருது. அதனால நன்றி சொல்ல மாட்டேன், தப்பா நெனைக்காதீங்க."

"அண்ணி, நீங்களுமா..."

"எனக்கு நீங்க டிவியில வரவங்கதானே. அவரு சொல்லித்தான் நீங்க எனக்கு நாத்தனார். அவரு சொல்றத நிறுத்திட்டாரு." கதவைக் கையால் தாங்கிக்கொண்டாள். "பாத்து எறங்குங்க. நாலாவது படி கொஞ்சம் ஆடும்."

ஹாலில் டிவி இருந்த இடத்துச் சுவரில் ஒரு நீள்சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள். படியிறங்கும்போது, மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வேகமாகப் போடவில்லை, சாதாரணமாகத்தான் போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. மேக்கப்காரி, "என்ன மேடம், கண்ணு வீங்கியிருக்கு" என்று அரைக் குப்பி கிரீமைத் தடவியிருந்தாள். எதிரே ஒரு பெயிண்ட் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் வழக்கம்போல் கேமராவுக்குப் பின்னால் அண்ணனைத் தேடினாள். இல்லை. அண்ணியை வைத்துப் பார்த்தாள், மேக்கப்காரியை வைத்துப் பார்த்தாள், முன்பு கட்டின கணவனைக்கூட வைத்துப் பார்த்தாள். ஒருவரும் அங்கே உட்காரவில்லை. வெறும் கண்ணாடி வட்டம். அதைப் பார்த்து, "வணக்கம்" என்று சிரித்தாள். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

பெயிண்ட்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. காதுக்குள், "பேனா" என்றது.

வைத்தாள்.